தெரியாத வாசகர்: கொழும்பில் சொந்தக் காசில் நாவல் போடுதல்

கொழும்பில் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் நூலைத் தங்கள் காசிலேயே போடுகிறார்கள். இதில் வியப்பதற்கோ கூச்சப்படுவதற்கோ ஒன்றுமில்லை. இங்கு வழமையே அதுதான். கையெழுத்துப் பிரதியை வாங்கி, எழுதியவருக்கு முற்பணம் கொடுத்து, அச்சிட்டு விற்கும் பதிப்பாளர் அபூர்வம். எழுதியவரே கணினி வடிவமைப்பாளரிடம் போய்ப் பக்கம் கட்டுவிக்கிறார். தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எடுக்கிறார், அட்டைக்குப் படம் தேடுகிறார், அச்சகத்துக்கு முற்பணம் கட்டுகிறார். பிறகு 300 அல்லது 500 பிரதிகளை முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே அடுக்குகிறார். உட்பக்கத்தில் வெளியீட்டாளர் என்று அச்சாகியிருக்கும் பெயர் பல வேளைகளில் மகளுடையதாகவோ ஊர்க் கோயிலினுடையதாகவோ இருக்கும். ஒரே ஒரு நூலை வெளியிட்டுவிட்டு மறைந்துபோன பதிப்பகங்கள் நம் நூற்பட்டியல்களில் மலிந்திருப்பது இதனால்தான்.

ஆனால் இப்படி வருகிற நூல்களை ஒரு மேசையில் பரப்பிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கவிதைத் தொகுதி, சிறுகதைத் தொகுதி, கட்டுரைத் தொகுப்பு, பயண நினைவு, ஆன்மிகம் எல்லாம் இருக்கும். இடைக்கிடை ஒரு சமூக நாவலும் இருக்கும். துப்பறியும் நாவல், அறிவியல் புனைவு, பேய்க்கதை, பாகம் பாகமாக நீளும் சாகசக் கதை ஆகியவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். வேறு நாடுகளில் சொந்த வெளியீடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஜனரஞ்சக எழுத்துத்தான். மின்னூல் வந்தபின் அமெரிக்காவில் தாமே வெளியிட்டுப் பிழைப்பு நடத்துகிறவர்கள் அநேகமாகக் காதல் கதையும் குற்றக் கதையும் விண்வெளிக் கதையும் எழுதுகிறவர்கள். கொழும்புத் தமிழில் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது?

வாசகருக்கு அந்த ருசி இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளவத்தைக் காலி வீதியிலும் செட்டியார் தெருவிலும் உள்ள புத்தகக் கடைகளில் மர்ம நாவல் ராஜேஷ்குமாரும் காதல் நாவல் ரமணிசந்திரனும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொழும்பு அதற்கு ஒத்துவராத ஊர் என்றும் சொல்ல முடியாது. இதே நகரத்தில் இருந்துகொண்டு ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார், ஆங்கிலத்தில்.

யுதஞ்சய விஜேரத்ன என்ற சிங்கள இளைஞர் தொழில்நுட்பச் செய்தியாளராக இருந்தவர். பிறகு கொழும்பில் உள்ள லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனத்தில் தரவு ஆய்வாளராக வேலை பார்த்தார். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின்போது பரவிய பொய்ச் செய்திகளைச் சரிபார்ப்பதற்காக உருவான வாட்ச்டாக் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரும்கூட. இந்த வேலைகளுக்கு நடுவில்தான் அவர் நாவல் எழுதினார். 2017இல் ‘நம்பர்காஸ்ட்’ என்ற முதல் நாவலைப் பதிப்பாளர் எவருக்காகவும் காத்திராமல் அமேசனில் தானே ஏற்றினார். அதில் ஒரு நிறுவனம் உலகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கத்தைக் கொடுக்கிறது. யாரைத் தெரியும், யார் மதிக்கிறார்கள், எவ்வளவு செல்வாக்கு என்பதையெல்லாம் அந்த இலக்கம் அளக்கிறது. வேலை, கடன், வீடு எல்லாம் அதன்படியே கிடைக்கும். சாதியைப் பார்த்து வளர்ந்த நாட்டில் இருந்து ஒருவருக்கு இப்படி ஒரு கதை தோன்றியதில் ஆச்சரியமில்லை. நாவல் விற்றது. பின்னர் இந்தியாவின் ஹார்ப்பர்காலின்ஸ் அதையும் அடுத்து வந்த நூல்களையும் எடுத்துக்கொண்டது.

அவர் எழுதும் விதம் இங்கு முக்கியம். 2020இல் வந்த ‘த சால்வேஜ் குரூ’ ஒரு தொலைதூரக் கோளில் விழுந்து கிடக்கும் பழைய கப்பலை மீட்கப் போகும் சிறு குழுவின் கதை. அதைச் சொல்வது மனிதன் அல்ல, குழுவை மேற்பார்வையிடும் ஒரு செயற்கை மூளை. அதற்குக் கவிதை எழுதும் பழக்கமும் உண்டு. விஜேரத்ன அந்தக் கவிதைகளை முழுவதும் தன் கையால் எழுதவில்லை. அப்போது புழக்கத்துக்கு வந்திருந்த ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியை எடுத்து, பழைய சீனத் தாங் காலத்துக் கவிஞர்களின் மொழிபெயர்ப்புகளைக் கொண்டு அதைப் பழக்கினார். அது கொட்டியவற்றில் இருந்து பொறுக்கி, வெட்டி, ஒட்டிப் பாத்திரத்தின் வாயில் வைத்தார். கோளின் அமைப்பு, காலநிலை ஆகியவற்றைத் தீர்மானிக்கவும் சிறு நிரல்கள் எழுதி வைத்துக்கொண்டார். இன்றைக்குப் புயலா, வெயிலா என்பதை நிரல் சொல்லும். அந்தப் புயலில் தன் பாத்திரங்கள் என்ன செய்வார்கள் என்பதை இவர் எழுதுவார். சட்ஜிபிடி பொதுமக்களிடம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. கவிதையை இயந்திரம் எழுதலாமா என்ற சண்டையை இங்கு விட்டுவிடுவோம். எனக்கு அதில் பிடித்தது வேறு: எழுதுகிறவர் தனக்கே அடுத்தது என்ன என்று தெரியாத நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்கிறார். துப்பறியும் தொடர் எழுதிய பழைய பத்திரிகைக்காரர்கள் இதே நிலையை வேறு வழியில் அடைந்தார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வியாழன் இரவுவரை கொலைகாரன் யாரென்று எழுதுகிறவருக்கே தெரியாது.

விஜேரத்னவைச் சுற்றி அப்போது ஓர் இயக்கமே இருந்தது. மைக்கேல் ஆண்டர்ல் என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கிய எழுத்தாளர் குழு அது. அதன் கணக்கு அதன் பெயரிலேயே இருந்தது: 20 நூல்கள் எழுதினால் ஆண்டுக்கு 50,000 டொலர். வகுத்துப் பார்த்தால் ஒரு நூல் ஆண்டுக்கு 2,500 டொலர், நாளொன்றுக்கு ஏழு டொலருக்கும் குறைவு. ஒரு நூல் உலகத்தை வெல்ல வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு மூன்று பேர் எங்கோ இருந்து வாங்கினால் போதும், ஆனால் 20 நூல்கள் வேண்டும். இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் எழுதும் முறையே மாறிவிடுகிறது. முதல் பாகத்தின் கடைசிப் பக்கம் இரண்டாம் பாகத்தை வாங்க வைக்க வேண்டும். அட்டையைப் பார்த்ததும் இது விண்வெளிக் கதை என்று தெரிய வேண்டும். புதுமையான அட்டை வேண்டாம். மூன்று பாகங்களை எழுதி முடித்த பிறகே முதலாவதை வெளியிடுகிறவர்களும் உண்டு. விஜேரத்ன ஆர். ஆர். விர்டி என்பவரோடு சேர்ந்து எழுதிய ‘மெசெஞ்சர்’ என்ற குறுநாவல் 2019இல் நெபியுலா என்ற அறிவியல் புனைவு விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனபோது, அந்தக் குழு தன் ஆட்களைத் திரட்டி வாக்குப்போட வைத்தது என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. விருதுக்காரர்களுக்கும் விற்பனைக்காரர்களுக்கும் இடையில் எந்த மொழியிலும் இருக்கும் உரசல்தான். ஐந்து ஆண்டுகளின் பின், 2024இல், அதே நெபியுலாவின் நாவல் பரிசு கொழும்புக்கே வந்தது. அதைப் பெற்ற வஜ்ர சந்திரசேகரவின் நாவல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றின் வெளியீடு.

விஜேரத்னவின் வெற்றியைத் தனித் திறமை என்று மட்டும் எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம். அவரிடம் ஆங்கிலம் இருந்தது, மாதச் சம்பளம் தரும் வேலை இருந்தது. இவை இரண்டும் வெள்ளவத்தைத் தமிழர் பலரிடமும் உண்டு. அவரிடம் இருந்து நம்மவரிடம் இல்லாத ஒன்று, தன்னைச் சற்றும் தெரியாத வாசகரிடம் நேரே போகும் வழி.

நம்முடைய வழி வேறு. அது வெளியீட்டு விழா. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபம், கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் விவேகானந்த சபை. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நூல் ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள், கடைசியில் கூட்டம் பாதி கலைந்த பிறகு நூலாசிரியரின் ஏற்புரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெறுவார். புரவலர் ஹாசிம் உமர் இப்படிப் பெற்ற முதற்பிரதிகளைக் கொண்டே ஒரு நூலகம் அமைக்கலாம். அவர் ‘புரவலர் புத்தகப் பூங்கா’ என்று தொடங்கிப் புதியவர்களின் முதல் நூல்களைத் தன் செலவிலேயே வெளியிட்டவரும் ஆவார். சிறப்புப் பிரதி பெறுகிறவர்கள் வரிசையில் வந்து கடித உறையைக் கொடுத்துவிட்டு நூலை வாங்கிக்கொள்வார்கள். உறைக்குள் நூலின் விலை இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை, அதைவிடக் கூடவே இருக்கும். இது கலியாண வீட்டு மொய்தான். கொடுத்தவர் நாளைக்கு நூல் போடும்போது இவர் போய்க் கொடுக்க வேண்டும்.

நான் இதை ஏளனம் செய்யவில்லை. வேறெந்த அமைப்பும் இல்லாத இடத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான தமிழ் நூல்கள் அச்சேறுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். கடைக் கணக்கைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். 1,000 ரூபா விலை போட்ட நூலைப் புத்தகக் கடையில் விற்பனைக்குக் கொடுத்து வைத்தால், 35 வீதம் கழிவு என்று வைத்துக்கொண்டாலும் எழுதியவருக்கு 650 ரூபா. அதுவும் விற்ற பிறகு, சிட்டையைக் காட்டி நாலு தரம் நடந்த பிறகு. விழாவில் ஒரே மாலையில் அச்சுச் செலவு வந்துவிடுகிறது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. அதன்பின் ஏறிய அச்சுச் செலவுக்குக் கடை விற்பனையை மட்டும் நம்பி எவரும் துணிய முடியாது.

ஆனால் இந்த ஏற்பாடு எந்த நூலைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கேட்க வேண்டும். விழா நூலாசிரியரைக் கௌரவிக்கிறது. அவர் ஓய்வுபெற்ற அதிபராக இருக்கலாம், வங்கி முகாமையாளராக இருக்கலாம். அவருடைய 30 ஆண்டு எழுத்துழைப்பு ஒரு தொகுதியாக வருகிறது. உறவினரும் ஊரவரும் உடன் வேலை பார்த்தவர்களும் அதற்குச் சாட்சியாக வருகிறார்கள். அந்த மேடையில் ‘மாடிப்படியில் மர்மம்’ என்ற நூலை வைத்துப் பாருங்கள். ஆய்வுரைக்கு வந்த விரிவுரையாளர் என்ன பேசுவார்? முடிவைச் சொன்னால் வாசிக்கிறவருக்குக் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் ஆய்வுரையே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் இரண்டாம் பாகம். ஆறு மாதத்தில் அதே துப்பறிவாளரின் அடுத்த கதையோடு அதே ஆட்களை மண்டபத்துக்கு அழைக்க முடியுமா? ஒரு வீட்டில் ஆண்டுக்கு மூன்று கலியாணம் வைத்தால் மூன்றாவதற்கு யார் வருவார்கள்? 20 நூல் கணக்கு இங்கு முதல் நூலிலேயே முட்டி நின்றுவிடுகிறது.

எழுதும் முறையிலும் இதன் அடையாளம் இருக்கிறது. விழாவை நோக்கி எழுதுகிறவரின் பட்டறை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. வீரகேசரி வாரவெளியீட்டுக்கும் தினகரன் வாரமஞ்சரிக்கும் ஆண்டில் நாலைந்து கதை, ஒரு பத்தாண்டில் நறுக்குகளின் கோப்பு தடித்துவிடும். அதில் இருந்து தேர்ந்து தொகுதியாக்குவார். இந்த வழியில் சிறுகதைத் தொகுதியும் கவிதைத் தொகுதியும்தான் இயல்பாகப் பிறக்கும். 250 பக்கத்துக்கு ஒரே முடிச்சை இழுத்துப் பிடிக்கும் நாவல் பிறக்காது. அதற்கு யாராவது நாள்தோறும் அல்லது வாரந்தோறும் அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அதைச் சொல்ல ஆரம்பத்தில் இருந்தே வர வேண்டும், ஏனென்றால் ஈழத்தின் முதல் தமிழ் நாவலே ஒரு சொந்த வெளியீட்டுச் சாகசக் கதை. கண்டிச் சட்டத்தரணி மு. கா. சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ எகிப்தில் பிறந்து, களவாடப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, தன் பிறப்பைக் கண்டடையும் பிள்ளையின் கதை. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. சித்திலெவ்வை 1882இலேயே ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எழுத்தும் பத்திரிகையும் வாசகர் வட்டமும் ஒருவர் கையிலேயே இருந்தன. எகிப்தும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது: ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883 தொடக்கத்தில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்திருந்தார், சித்திலெவ்வைக்கு நண்பருமானார். ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த தூரதேசத்தை எடுத்து ஆள்மாறாட்டமும் அபாயமும் கலந்து கொடுக்கும் ஜனரஞ்சக எழுத்தாளரின் மூக்கு அவருக்கு இருந்திருக்கிறது. நம் இலக்கிய வரலாறுகள் அவரைச் சமூக சீர்திருத்தவாதியாகவே படம் போட்டு மாட்டிவைத்திருக்கின்றன. கதைக்காரராக அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

அடுத்த பெரிய இடம் கொட்டாஞ்சேனைக்கு அடுத்த கிராண்ட்பாஸ், வீரகேசரிப் பத்திரிகையின் இடம். 1930இல் சுப்பிரமணியஞ் செட்டியார் தொடங்கிய வீரகேசரியின் ஆசிரியர்களே தொடர்கதைக்காரர்களாகவும் இருந்தார்கள். எச். நெல்லையா எழுதிய தொடர்கள் நூல்களாக வந்தன. பின்னர் ஆசிரியராக நீண்ட காலம் இருந்த கே. வி. எஸ். வாஸ் ‘ரஜனி’ என்ற புனைபெயரில் ‘குந்தளப் பிரேமா’, ‘நந்தினி’, ‘தாரிணி’ என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தள்ளினார். காதல், கடத்தல், மர்மம், திடுக்கிடும் திருப்பம் எல்லாம் உண்டு. பகலில் தலையங்கம் எழுதுகிற கையே இரவில் நாயகியை ஆபத்தில் மாட்டிவிடும். தலையங்கத்துக்கு ஒரு பெயர், தொடர்கதைக்கு ஒரு பெயர். அந்தப் புனைபெயர் வெட்கத்தால் வந்ததா, வசதியால் வந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. ஜனரஞ்சக எழுத்துக்கு அது ஒரு கருவி. எழுதியவர் யார் என்பது வாசகருக்குத் தேவையில்லை, அடுத்த அத்தியாயம்தான் தேவை. விழா மேடையில் இது நடக்காது: அங்கே பின்னட்டைப் புகைப்படமும் படித்த பாடசாலையும் பெற்ற பட்டமும் இல்லாமல் நூலே இல்லை.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகளின் வரத்தும் நின்றது. உள்ளூர் எழுத்தாளர்கள் நெடுநாள் கேட்டு நின்ற ஒன்று அது. வாரந்தோறும் குமுதத்தையும் கல்கியையும் வாசித்துப் பழகிய வீடுகளில் திடீரென்று வெற்றிடம். வீரகேசரி அந்த இடத்தில் மலிவு விலை நாவல்களோடு இறங்கியது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ இரண்டும் 1973இல் அப்படி வந்தவை. இரண்டாவது 1978இல் திரைப்படமும் ஆனது. இவற்றோடு இன்று எவரும் பெயர் சொல்லாத காதல் நாவல்களும் மர்ம நாவல்களும் வந்தன. அச்சகம், விளம்பரம், விநியோகம் மூன்றும் ஒரே பத்திரிகை நிறுவனத்திடம் இருந்தன. பத்திரிகைக் கட்டோடு நாவல் கட்டும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போகும். எழுதியவர் எவரையும் அழைக்க வேண்டியதில்லை, எங்கோ ஹற்றனிலோ மூதூரிலோ உள்ள ஒருவர் கடையில் காசு கொடுத்து வாங்கினார். ஈழத் தமிழ் நாவலுக்குத் தெரியாத வாசகர் கூட்டமாகக் கிடைத்த காலம் அந்த ஆறேழு ஆண்டுகள்தான் என்பது என் கணிப்பு. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, தமிழ்நாட்டு மாத நாவல்கள் மீண்டும் வந்து குவிந்தன, விலையில் அவற்றோடு மோத எவராலும் முடியவில்லை. 1983 ஜூலை இனவன்முறை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

விமர்சகர்களுக்கும் இதில் பங்குண்டு. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், தினகரன் ஆசிரியராக இருந்த க. கைலாசபதியும், அவர் தலைமுறைப் பல்கலைக்கழகத்தாரும் மண்வாசனையையும் சமூகப் பிரச்சினையையும் எழுத்தின் உரைகல்லாக்கினார்கள். ‘நிலக்கிளி’யைப் போற்றும் கண் அதனால் நமக்கு வந்தது. அதே கண்ணுக்கு ‘குந்தளப் பிரேமா’ தெரியாமலும் போயிற்று. அ. ந. கந்தசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்போக்குக்காரர்களில் முன்வரிசையில் நின்றவர், ஆனால் விறுவிறுப்பாகத் தொடர்கதை எழுதவும் தெரிந்தவர். அவருடைய ‘மனக்கண்’ 1960களின் நடுவில் தினகரனில் தொடராக வந்தது. 1968இல் அவர் காலமானார். நாவல் நூலாகவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துக் கனடாவில் இருக்கும் எழுத்தாளர் வ. ந. கிரிதரன் அதைத் தேடி எடுத்து இணையத்தில் வெளியிட்டு மின்னூலாக்கினார்.

சொந்த வெளியீட்டில் கொழும்பு மிக வெற்றிகரமாகச் செய்தது சிற்றிதழ். யாழ்ப்பாணத்தில் 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா 1990களில் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, கொட்டாஞ்சேனையும் அடங்கும் கொழும்பு 13இல் ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து அதை நடத்தினார், ‘மல்லிகைப் பந்தல்’ என்று நூல்களும் போட்டார். தோளில் பையோடு தெருவில் நடந்து தன் இதழைத் தானே விற்றவர். வெள்ளவத்தை 46ஆம் ஒழுங்கையில் இருந்து வந்த ‘ஞானம்’, டாக்டர் தி. ஞானசேகரன் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அவருடைய ‘குருதிமலை’ வீரகேசரிப் பிரசுரமாக 1979இல் வந்த நாவல். பத்திரிகை நிறுவனம் நாவல் போடுவதை விட்டபின் எழுத்தாளரே நிறுவனமானார் என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஜீவாவும் ஞானசேகரனும் கட்டியது சந்தாதாரர் வட்டம். முகம் தெரிந்த, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய வட்டம். அதன் வலிமையும் எல்லையும் அதுவே.

மின்னூல் இந்த நிலையை மாற்றியிருக்க வேண்டும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தன. வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் ஏற்றும் நாவலை அன்று மாலையே கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் வாங்கலாம். அச்சுச் செலவு கிடையாது, கடைக் கழிவுக்கு அலைய வேண்டாம். விலையில் 35 அல்லது 70 வீதம் எழுதியவருக்கு. தமிழ்நாட்டில் மர்மக் கதையும் காதல் கதையும் எழுதும் ஒரு புதிய கூட்டம் இதில் இறங்கி முன்னேறிவிட்டது. கொழும்பில் அந்த வேகம் இல்லை. பணம் பெறும் சிக்கல் ஒரு காரணம்: பேபால் வழியாக இலங்கையில் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பி.டி.எஃப். களவு இன்னொன்று. எனக்கு இவை இரண்டும் போதுமான காரணங்களாகப் படவில்லை. விஜேரத்னவும் இதே நாட்டில் இருந்துதான் காசு பெற்றார். அச்சில் வராத நூலைச் சாகித்திய விருதுக்கு அனுப்ப முடியாது, நூலகங்கள் வாங்கா, மேடையில் யாருக்கும் கொடுக்க முடியாது. நம் எழுத்தாளர் எதற்காக எழுதுகிறாரோ அந்தக் கௌரவம் எதுவும் மின்னூலில் கிடைப்பதில்லை. வாசகர் கிடைக்கலாம், ஆனால் அவர் மண்டபத்துக்கு வரமாட்டார்.

ஆங்கிலத்தில் எழுதிய இன்னொரு கொழும்புக்காரரின் கதை இதற்குப் பக்கத்தில் வைக்கத் தகும். ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமேன்’ 2008இல் கையெழுத்துப் பிரதியாகவே கிராஷியன் பரிசைப் பெற்றது. அதன்பின் 2010இல் அவர் அதைச் சொந்தமாகவே கொழும்பில் வெளியிட்டார். இந்தியப் பதிப்பாளர் அதற்குப் பிறகு வந்தார்; புக்கர் பரிசு, வேறொரு நாவலுக்கு, 2022இல். ‘சைனாமேன்’ காணாமற்போன ஒரு கிரிக்கெட் வீரரைத் தேடும் கதை. துப்பறியும் நாவலின் எலும்புக்கூட்டின்மேல் கட்டப்பட்டது. அச்சேறாத பிரதிக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்ததால் அவர் விழா வைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. தமிழிலும் கையெழுத்துப் பிரதிப் போட்டிகள் நடக்கின்றன. அவற்றின் நடுவர்கள் யார், குற்றக் கதை ஒன்று வந்தால் அதை எந்த அளவுகோலால் அளப்பார்கள் என்பதில்தான் பாதி விடயம் இருக்கிறது.

இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் துப்பறியும் வரிசை எழுதத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டியிருக்கும்? களம் காலடியிலேயே இருக்கிறது. செட்டியார் தெரு நகைப்பட்டறைகள், துறைமுகக் கொள்கலன்கள், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஒழுங்கைகள், ஒரே மாடிக்குடியிருப்பில் லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் வன்னியில் இருந்து வந்து மீண்டும் போகாதவர்களும். பொலிஸ் பதிவும் சோதனைச்சாவடியும் ஆள் கடத்தும் வெள்ளை வானும் பார்த்து வளர்ந்த ஊருக்கு மர்மக் கதை சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தமிழர் பொலிஸ் நிலையத்தில் எந்த மொழியில் முறைப்பாடு எழுதுவிக்கிறார் என்ற ஒன்றிலேயே ஒரு நாவலுக்குத் தேவையான தடயப்பிசகு இருக்கிறது. அவர் முதலில் விழாவைக் கைவிட வேண்டும், அல்லது மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். புனைபெயர் ஒன்று நல்லது. முதல் பாகத்தை மிக மலிவாகக் கொடுக்க வேண்டும், இரண்டாவது தயாராக இருக்க வேண்டும், கேட்பவர்களுக்கு மட்டும் 50, 100 என்று இலக்கமுறை அச்சில் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு இதுவரை நம் சொந்த வெளியீட்டாளர் எவருக்கும் அதிகம் பழக்கமில்லாத ஒன்று அவருக்கு நேரும். கொலைகாரன் யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது என்று ஆய்வுரையில் எவரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் வராது. டொரன்டோவில் ரயிலில் இருந்து வாசிக்கும் ஒருவர் அதை ஒரே வரியில் எழுதி, ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு, இரண்டாம் பாகத்தை வாங்காமல் வேறொருவரின் நாவலைத் திறப்பார்.